அறுபத்து நான்காம் வில்லாவுக்கு வந்த கொடுவா மீன்

வில்லா எண் 64,
பொன்னிவனம் ஃபேமிலி டவுன்ஷிப்,
தஞ்சாவூர்.
18.11.2024

அன்புள்ள காளிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் நலம் அறிய ஆசை. அறிவொளி வகுப்பில் டீச்சர் முதல் வரியாக இதைத்தான் எழுதச் சொல்லித் தந்தார்கள். எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குடி கடிதம் என்று திட்டுவாய். இந்த வீட்டில் நான் போன் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கிறதாம். மருமகள் வானதிக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. மாடியில் மீட்டிங் நடக்கும்போது நான் கீழே நின்று “ஏ காளி, இருக்கியாடி?” என்று கேட்டது மெட்ராஸில் இருக்கிற மேனேஜர் காதில் விழுந்துவிட்டதாம். பாவம், அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “அத்தை, கொஞ்சம் மெதுவா” என்றாள். படகில் நிற்கிற ஆளைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பழகிய தொண்டை, மெதுவாகப் பேசு என்றால் இந்த வயதில் எங்கே போய்க் கற்றுக்கொள்வது? எழுதினால் சத்தம் வராது, அதுதான் எழுதுகிறேன்.

இங்கே நூற்றுப் பன்னிரண்டு வீடு. எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே கதவு. வந்த புதிதில் நாற்பத்தாறாம் வீட்டுக்குள் நுழைந்து அடுப்படி வரைக்கும் போய்விட்டேன். அந்த வீட்டுப் பெண் அலறிய அலறலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நடக்க ஒரு பாதை, சைக்கிளுக்கு ஒரு பாதை, பிள்ளைகளுக்கு ஊஞ்சல், சறுக்குமரம், நீச்சல் குளம், எல்லாம் இருக்கிறது. ‘குடும்பங்களுக்காகவே கட்டிய ஊர்’ என்று வாசலில் பெரிய போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களைத்தான் காணோம். காரில் வருகிறார்கள், கதவு மூடிக்கொள்கிறது. பேத்தி பூவிழிக்குப் பள்ளிக்கூடம் விட்டால் பாட்டு, பாட்டு விட்டால் அபாகஸ். மகன் வசந்தகுமாருக்குக் கப்பல் வேலை, இனி பங்குனியில்தான் வருவான்.

ஒரு வேடிக்கை கேள். அவன் இங்கே எல்லோரிடமும் அப்பா ‘மெரைன் எக்ஸ்போர்ட்’ செய்தார் என்று சொல்லி வைத்திருக்கிறான். உன் நாகநாத அண்ணன் உயிரோடு இருந்தவரை வலை இழுத்தார். செத்து மூன்று வருஷம் கழித்து எக்ஸ்போர்ட்டர் ஆகிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

ஏழு மாதமாக என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை காளி. ஒரு தரம் வந்துவிட்டுப் போடி.

உன்
நீலா


கோடியக்கரை,
02.12.2024

எக்ஸ்போர்ட்டர் சம்சாரம் நீலாயதாட்சி அம்மாள் சமூகத்துக்கு மீன்காரி காளியம்மாள் கும்பிட்டு எழுதுவது,

போதுமாடி மரியாதை? உன் கடிதத்தைத் தபால்காரர் அப்துல் மஜீது கொடுத்தபோது கோர்ட் நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். எனக்கு யார் கடிதம் போடுகிறார்கள்?

இங்கே சீசன் நன்றாக இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வந்து கரையெல்லாம் குடிசை போட்டிருக்கிறார்கள். நான் வழக்கம்போல வேதாரண்யம் பஸ்ஸில் கூடையோடு ஏறுகிறேன், கண்டக்டர் வழக்கம்போலத் திட்டுகிறான். “தண்ணி சொட்டுது பாரு, தண்ணி சொட்டுது பாரு” என்பான். மீன் இருந்தால் தண்ணி சொட்டாமல் என்னத்தைச் சொட்டும்?

முக்கியமான சேதி, அபிநயாவுக்கு ஆறுகாட்டுத்துறையில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன். பையன் குடிக்கிறவன் இல்லை என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டேன். அவள் இன்னும் சரி என்று சொல்லவில்லை. “பெரியம்மாவைக் கேக்கணும்” என்கிறாள். நியாயம்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் ஆட்டோவிலேயே உன் மடியில் விழுந்தவள். நான் பெற்றேன், நீ பிடித்தாய்.

நான் வருவேன், நிச்சயம் வருவேன். உன் ஊர் கேட்டில் விடுவானா? எங்கள் ஊரில் கேட் போட்டவர்கள் காட்டிலாகாக்காரர்கள் மட்டும்தான், அதுவும் மான்களுக்கு.

உன்
காளி


தஞ்சாவூர்,
20.01.2025

அன்புள்ள காளிக்கு,

அபிநயாவிடம் பெரியம்மா சரி என்று சொன்னாள் என்று சொல். பையனின் போட்டோவை வானதியின் போனில் பார்த்தேன். காது கொஞ்சம் பெரிசு, மற்றபடி குறை இல்லை.

எனக்கு இங்கே ஒரு ஆள் கிடைத்துவிட்டது! எதிர்வீட்டுப் பிரகதாம்பாள். குடவாசல் பக்கம் சொந்த நிலம், வீட்டுக்காரர் இல்லை, மகன் வாங்கிப்போட்ட வீட்டில் என்னைப் போலத் தனியாகச் சுற்றி வருகிறார். பொங்கலுக்கு டவுன்ஷிப்பில் எல்லோரும் சேர்ந்து பானை வைத்தோம். அன்றைக்குத்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து “உங்க பேரு என்னங்க?” என்று கேட்டார். என் பேரைச் சொல்லும்போது எனக்கே புதிதாக இருந்தது. இப்போது தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊஞ்சலுக்குப் பக்கத்து பெஞ்சில் இரண்டு பேரும். மதிலுக்கு அந்தப் பக்கம் அறுப்பு மெஷின் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவோம்.

உன்னிடம் ஒன்றை மறைக்க மனசு வரவில்லை. “எந்த ஊரு?” என்றார். வேதாரண்யம் பக்கம் என்றேன். “விவசாயமா?” என்றார். தலையாட்டிவிட்டேன். வசந்தகுமார் சொன்ன பொய்யைவிட இது பெரிசு, அதுவும் நானே சொன்னது. “எத்தனை மா?” என்று நிலத்தின் அளவைக் கேட்டார். வாய்க்கு வந்தபடி ஆறு மா என்றேன். அப்புறம் நடவைப் பற்றி வேறு பேச வேண்டியதாயிற்று. மாசியில் நடவு நடுவோம் என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார், நல்லவேளை.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே. அந்த பெஞ்சில் அவர் பக்கத்து இடம் எனக்கு வேண்டியிருந்தது.

உன்
நீலா


கோடியக்கரை,
10.02.2025

ஆறு மா மிராசுதாரிணிக்கு,

அந்த ஆறு மாவும் கடலில் எந்தப் பக்கம் இருக்கிறது? சொன்னால் படகில் போய்ப் பார்த்து வருகிறேன். வரப்பு கட்டியிருக்கிறாயா?

அடி பைத்தியக்காரி, மீன்காரி என்று சொன்னால் அந்த அம்மாள் எழுந்து போய்விடுவாளா? போனால் போகட்டுமே. சரி, நீ தனியாக இருக்கிறாய், எனக்கு வாய் இருக்கிறது என்று பேசுகிறேன்.

கல்யாணம் முடிவாகிவிட்டது. மீன்பிடித் தடைக்காலத்தில் வைக்கிறோம், அப்போதுதானே ஆம்பிளைகள் கரையில் இருப்பார்கள். வைகாசியில் வரும். பத்திரிகை அச்சாகி வந்ததும் குலசாமிக்கு ஒன்று வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டு நேராக உன்னிடம்தான் வருவேன். எந்த நாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீ சமைத்து வைத்துவிடுவாய். சமைக்க வேண்டியதை நான் கொண்டு வருகிறேன்.

உன்
காளி


தஞ்சாவூர்,
25.04.2025, வெள்ளிக்கிழமை

காளி,

போனை எடுடி. மத்தியானத்திலிருந்து பதினோரு தரம் அடித்துவிட்டேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தது உனக்கே தெரியும். ஆனால் கேட்டுக்கு இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. முதல்முறையாக என் வீட்டில் விளக்குப் பூஜை வைத்தேன். பிரகதாம்பாளும் இன்னும் ஐந்து பெண்களும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேருக்குப் பாயசம் வைக்க ஆள் இருக்கிறது என்று காலையிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது சுவரில் இருக்கிற பெட்டி அடித்தது. வாட்ச்மேன் ராஜராஜன் பேசினான். அதில் பேசினால் கூடம் முழுக்கக் கேட்கும். “அம்மா, கோடியக்கரையிலேர்ந்து மீன்காரம்மா ஒருத்தவங்க வந்திருக்காங்க. உங்களுக்குச் சொந்தம்னு சொல்றாங்க. உள்ள விடலாங்களா?”

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். “மீன் வேணாம்னு சொல்லிடுங்க” என்றேன்.

ஒரு வருஷமாக மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன். இன்றைக்கென்று பார்த்துப் பழைய குரலில் சொன்னேன். உனக்குக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எல்லோரும் போக அரை மணி ஆயிற்று. செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தேன். நீ இல்லை. ராஜராஜன் தெர்மகோல் பெட்டியைக் கொடுத்தான். “உங்ககிட்டக் குடுக்கச் சொல்லிட்டுப் போயிட்டாங்கம்மா. கையில மஞ்சள் தடவின பத்திரிகை வச்சிருந்தாங்க. அதைக் குடுங்கன்னேன், வேணாம்னுட்டாங்க” என்றான்.

தடைக்காலத்தில் கரையோரம் மட்டும் போகிற எந்த நாட்டுப்படகுக்காரனைக் கெஞ்சி அந்தக் கொடுவாவை வாங்கினாயோ. சமைத்தேன். தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், அப்படியே மூடி வைத்துவிட்டேன். மீனைக் கொடுத்துவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்விட்டாயே. என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நீலா


தஞ்சாவூர்,
19.05.2025

அன்புள்ள காளிக்கு,

நீ வந்து போன பிறகு இது மூன்றாவது கடிதம். முன்பு போட்ட இரண்டும் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. போனும் எடுக்கமாட்டேன் என்கிறாய்.

பிரகதாம்பாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டே சொன்னேன். நாங்கள் கடல்காரர்கள், எனக்கு ஒரு குழி நிலம் கிடையாது, அன்றைக்கு வந்தது என் உயிர்ச் சிநேகிதி என்று சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “எனக்கு அன்னைக்கே தெரியுங்க. மாசியில வயல்ல உளுந்து நிக்கும், யாரு நடவு நடுவா? எனக்குப் பேச ஒரு ஆளு வேணும், உங்க நிலத்த வச்சி நான் என்ன பண்ணப்போறேன்?” என்றார். அப்புறம், “மீன்காரம்மான்னு அவன் சொன்னப்ப, நீங்க எந்திரிச்சிப் போவீங்கன்னுதான் நான் நெனச்சேன்” என்றார்.

அந்தச் சொல் எனக்குள்ளேயே கிடக்கிறது. ஒன்றுமில்லாததற்காகவா உன்னை வாசலோடு அனுப்பினேன்? இப்போதும் ஐந்து மணிக்கு அவர் பெஞ்சுக்கு வருகிறார். நான்தான் போவதில்லை.

அபிநயாவின் கல்யாணத் தேதி தெரியாமல் தவிக்கிறேன். வைகாசி என்றாய், அதற்குமேல் தெரியாது. கூப்பிடாத கல்யாணத்துக்கு, அதுவும் நான் செய்த காரியத்துக்குப் பிறகு, எந்த முகத்தோடு வந்து நிற்பது? ஒரே ஒரு வரி எழுது. ‘வா’ என்று எழுதினால் போதும், ஓடி வந்துவிடுவேன். தினமும் பதினோரு மணிக்கு கேட்டில் தபால் வரும். ராஜராஜன் என்னைப் பார்த்ததுமே இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறான்.

உன்
நீலா


கோடியக்கரை,
12.06.2025

நீலாவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. எல்லாவற்றையும் படித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அபிநயாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. தடைக்காலம் முடிவதற்கு முந்தின ஞாயிறு. நம் ஊரில் எல்லா வருஷமும் அன்றைக்குத்தான் கல்யாணம் நடக்கும். உன் வசந்தகுமாருக்கும் அன்றைக்குத்தான் நடந்தது. தேதி தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ நிஜமாகவே நெல் விவசாயி ஆகிவிட்டாயா?

கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியில் உன் குரல் வந்ததும் எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. எத்தனை மாதமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. அப்புறம்தான் நீ என்ன சொன்னாய் என்பது காதில் ஏறியது. அழுகையாக வந்தது. திரும்பும்போது பஸ்ஸில் திருத்துறைப்பூண்டி வரைக்கும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன், பக்கத்தில் இருந்தவள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். ஆனால் இரண்டு நாளில் அது போய்விட்டது. நாலு பேர் நடுவில் வாய் தவறிவிட்டது, நீயும் மனுஷிதானே. சத்தியமாகச் சொல்கிறேன், அதை அப்போதே மன்னித்துவிட்டேன்.

வேண்டுமென்றுதான் பதில் எழுதவில்லை. எழுதாவிட்டால் நேரில் வருவாய் என்று நினைத்தேன். சண்டை போட்டால் அடுத்த நாள் காலையில் என் அடுப்பில் நீயே வந்து டீ போடுவாயே, அந்த நீலா வருவாள் என்று நினைத்தேன். நான் மூன்று பஸ் மாறி, மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். நீ ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தாய். வரலாமா என்று கேட்டுக் கேட்டு எழுதினாய். நம் இரண்டு பேருக்குள் யார் எப்போது கேட்டுக்கொண்டு வந்தோம்?

கல்யாணத்தன்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாலை மாற்றும்போதும் அபிநயா “பெரியம்மா எங்கம்மா?” என்றாள். உடம்பு சரியில்லை என்றேன். என் மகளிடம் நான் சொன்ன முதல் பொய் உனக்காகத்தான். கடைசிப் பந்தியில் நான் உட்கார்ந்தபோது பக்கத்தில் உனக்கும் ஒரு இலை போடச் சொன்னேன். பரிமாறினார்கள். எல்லோரும் எழுந்த பிறகும் அப்படியே இருந்தது. எடுத்துக் காக்காய்க்கு வைத்தேன்.

அபிநயாவும் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும்தான். நேற்று முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது படுக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. நீ ஏழு மாதம் பேர் சொல்லக் கேட்காமல் இருந்தேன் என்று எழுதினாயே, அது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

நாளை மறுநாள் தடை முடிகிறது. படகுகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. வந்தால் வாங்கமாட்டேன் என்று அப்துல் மஜீது பாயிடம் சொல்லிவிட்டேன். உன் பத்திரிகை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது, அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். வேதாரண்யத்திலிருந்து இங்கே காலையில் ஆறரைக்கு ஒரு பஸ், அதை விட்டால் பத்தே காலுக்கு ஒன்று. இப்போதும் அதே நேரம்தான்.

காளியம்மாள்