அவன் கொண்டுவந்த ஓர்கிட்

உன்னை ஏமாற்றியவன் நேற்று உன் முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு மிசிசாகாவிலிருந்து வந்தான். கையில் ஒரு ஓர்கிட் தொட்டி, கடையில் சுற்றிக்கொடுத்த கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. வெள்ளைப் பூ, மணமே இல்லை. இப்போதும் அது நம் டோர்செட் பார்க் வீட்டுக் குசினி மேசையில்தான் இருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உனக்கு ஓர்கிட் கொடுக்க அவன் யார்? நீயும் நானும் கண்ட ஓர்கிட் வேறு. இத்தாலியில், பலெர்மோவில், வீடுகள் கூட்டித் துடைத்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சைவச் சனமும் செருப்பில்லாமல் மலையேறி, குகைக்குள் இருக்கும் புனித ரோசலியாவுக்கு நேர்த்தி வைக்கும். உன் நேர்த்தி ஒன்றேதான்: கனடாவிலிருந்து அவன் உன்னைக் கலியாணம் முடிக்கக் கூப்பிட வேண்டும். "பேப்பர் சரிவருது, கொஞ்சம் பொறு" என்று ஒவ்வொரு போனிலும் சொன்னான். வந்த சம்பந்தங்களை எல்லாம் தட்டிவிட்டு நீயும் காத்திருந்தாய்.

ஒரு பங்குனியில் அவனுக்குக் கலியாணம் முடிந்த செய்தி வந்தது. அடுத்த ஞாயிறும் நீ மலைக்கு வந்தாய். பாதையோரப் பற்றைகளுக்குள் இளஞ்சிவப்பாகக் காட்டு ஓர்கிட் பூத்திருந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் கண்ட பூவைப் பிடுங்குகிற நம் பழக்கம் எங்கே போனாலும் விடாது. ஒரு தண்டைப் பிடுங்கினாய். கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு பூவும் தொப்பி போட்ட குட்டி ஆம்பிளை. உடுப்பில்லை. கை தொங்குது, கால் தொங்குது, மற்றதும் தொங்குது.

"உதைப் பாரடி, எல்லாம் உவன்தான்."

"உதையே கோயிலுக்கு வைக்கப்போறாய்?"

"ஓம். அவவும் பாக்கட்டும்."

வைத்தாய். சிரித்துச் சிரித்து இறங்கினோம். பாதி வழியில் ஒரு கல்லில் குந்தியிருந்து அழுதாய். அன்று அவன்மேல் எனக்கு வந்த கோபம், பிறகு நாமாகவே ரொறன்ரோ வந்து சேர்ந்தும் ஆறவில்லை.

உனக்குத்தான் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமை, என் கையைப் பிடித்தாய். "அவன் எப்பவாவது வந்து கேட்டால், எனக்கு அவனிலை ஒரு கோவமும் இல்லையெண்டு சொல்லு." எனக்கு உன்மேல் கோபம் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டினேன்.

நேற்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவன் கேட்டான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அவ என்னைப்பற்றி ஏதும் சொன்னவவோ?"

"இல்லை," என்றேன். "உங்களைப்பற்றி அவ ஒருநாளும் கதைச்சதில்லை."

லிஃப்ட் வரும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நீ சொல்லிவிட்டது என்னிடமே இருக்கிறது. அவனுக்கு அதைக் கொடுக்கமாட்டேன். நீயே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.