தானாகச் சுற்றும் சக்கரம்

என் ஆசை ஏழுமலை அண்ணாவுக்கு,

உன் பழைய பேட்டரி ஸ்கூட்டர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத தங்கச்சிக்காக இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்துக் கொடுத்தாயே, அதையும் கழற்றவில்லை. உப்பளக் கரைமேல் பஸ்ஸா வருகிறது? மூட்டை கட்டும் கொட்டகைக்கு அதில்தான் போய்வருகிறேன்.

நெஞ்சைப் பிடித்தபடி நீ போனாய். காரியம் முடிந்த மறுநாள் விடியற்காலை, வாசலில் நடு ஸ்டாண்ட் போட்டிருந்த வண்டியின் பின்சக்கரம் தானாகச் சுற்றியது. நீ என்னை வேலைக்கு எழுப்புகிற நேரம் அது. நான் கதவோரம் ஒதுங்கினேன். அம்மா வண்டிக்குக் கிட்டே போய், "வந்துட்டியா ஏழுமல?" என்றாள்.

பிறகு தினமும் சுற்றியது. அம்மா அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் டீ வைக்க ஆரம்பித்தாள்.

ஒருநாள் கரைமேல் போகும்போது வண்டி தானாகச் சீறியதில், உப்புப் பாத்தியில் விழப் பார்த்தேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். "உப்புக்காத்து ஆக்சிலேட்டர் வயர்ல ஏறிடுச்சும்மா. பூட்டு துருப்புடிச்சதுன்னு உங்கண்ணன் சாவியே இல்லாம நேரா கரண்ட் குடுத்துட்டாரு. விடிகாலப் பனி ஈரம் பட்டா தானா ஓடத்தான் செய்யும். மாத்தலன்னா உங்கள தள்ளிடும்."

வயர், பூட்டு எல்லாவற்றையும் மாற்றினேன். மறுநாள் சக்கரம் அசையவில்லை. ஆறிப்போன டீ எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். "எம்புள்ள கோச்சிக்கிட்டான்டி." அன்று முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை அவளுக்கு. வேறு என்ன செய்வேன், சொல்லு?

அடுத்த நாளிலிருந்து அவள் எழும்முன் புதுச் சாவியைப் போட்டு, கைப்பிடியை முறுக்கி ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டு வந்து படுத்துக்கொள்வேன். அவளுக்குத்தான் பார்வை மங்கலாச்சே. சிரித்த முகமாக டீ கொண்டுபோவாள்.

இன்று அயர்ந்து தூங்கிவிட்டேன். பதறி வாசலுக்கு ஓடினால், சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. கைப்பிடியில் ரப்பர் பேண்ட் இல்லை. சாவி என் கையில் இருந்தது. அம்மா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நீதானா அண்ணா? பயமாக இருக்கிறது. அழுகையும் வருகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

இனிமேல் ரப்பர் பேண்டைத் தொட மாட்டேன். டீயை நானே போட்டு வைக்கிறேன், உனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக. வாசலில் எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றிக்கொள். கரைமேல் போகும்போது மட்டும் கை வைக்காதே. எனக்கு இன்னும் பேலன்ஸ் வரவில்லை.

நீ பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவந்த தங்கச்சி,
செல்வி