நேர்ந்துகொள்ளாத முடி

கோம்பைத் தெருவுக்குள் லண்டன் பாட்டைக் கொண்டுவந்த என் அருமை அண்ணனுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இதுவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. கம்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்த பிறகும் மாதம் இரண்டு தடவை நீயே வாசலில் வந்து நின்றுவிடுவாய். பிறகு எதற்குக் கடிதம்? இப்போது எழுதியே ஆகவேண்டியிருக்கிறது. நம் ரகசியத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கோபப்படாமல் முழுவதையும் கேள்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. அதனால் ஆரம்பத்திலிருந்து வருகிறேன், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அறுபதுகளின் நடுவில் நீ மதுரையில் காலேஜ் படித்தாய், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலைக்காட்சிக்குத் தேனியில் இங்கிலீஷ் படம் போடுவார்கள். 'இங்கிலீஷ் நல்லா வரும்' என்று அப்பாவிடம் அளந்துவிட்டு என்னையும் கூட்டிப்போனாய். லண்டன் பாட்டுக்காரர்கள் மூன்று பேர், அவர்களே நடித்த படம். கதை என்று ஒரு மண்ணும் கிடையாது. பாடினார்கள், ஓடினார்கள், லாரி மேல் ஏறி மறுபடியும் பாடினார்கள். அவர்கள் வாயில் வந்த இங்கிலீஷ் நம் வாத்தியார் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷே இல்லை. ஆனாலும் டிரம் அடி விழுந்தபோதெல்லாம் தியேட்டரின் மர பெஞ்சு அதிர்ந்தது.

மூன்று பேருக்கும் முடி புருவத்தை மறைத்துக் கழுத்துவரை இறங்கியிருந்தது. நமக்குப் பின்னால் இருந்த ஓர் அம்மா உச்சுக்கொட்டினார்.

"ஆத்தாடி, எந்தச் சாமிக்கு நேந்து இம்புட்டு முடி வளத்திருக்காகளோ? பெத்தவுகளுக்கு என்ன சீக்கோ, பாவம்!"

நம் பக்கத்தில் ஆண்பிள்ளை முடி வளர்த்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நீ சிரிக்கவில்லை. உனக்கு அது காதிலேயே விழவில்லை. உன் கால் என் காலை மிதித்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது. அப்போது நம் தமிழ்ப்படங்களிலும் கதாநாயகர்கள் டோப்பா வைத்துக்கொண்டு, கிதாரைத் துடைப்பம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, கிளப்பில் குதித்துக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் காப்பி புள்ள, அசலைக் கேளு" என்று ரேடியோவைத் திருகுவாய். போடி பஜார் ஜவுளிக்கடைக்காரர் மகன் ஆபிரகாம் உன்னோடு படித்தார். அவரிடம் சர்ச்சில் வாசிக்கிற கிதார் இருந்தது. நீங்கள் நான்கு பேர் சேர்ந்து காலேஜ் ஆண்டுவிழாவில் லண்டன்காரர்கள் மாதிரியே பாடுவதென்று முடிவாயிற்று. பாட்டு பிறகு வரும், முதலில் முடி வரட்டும் என்று வளர்க்க ஆரம்பித்தாய்.

லீவுக்கு நீ வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அப்பா சாமியாடாத குறைதான். அம்மா இல்லாத வீட்டில் உனக்கும் அவருக்கும் எப்போதும் ஏழாம் பொருத்தம். அவர் கேட்பார், நீ பதில் சொல்லமாட்டாய். அன்றைக்கு அவர் மாட்டுக்கு முடி வெட்டுகிற கத்தரியை எடுத்துவந்து உன் உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஏலே, கூத்தாடிப் பயலே! இன்னிக்கு நீயா நானா பாத்துருவோம்!"

நான் குறுக்கே பாய்ந்தேன். எங்கிருந்து அந்தத் தேனி தியேட்டர் அம்மா என் நாக்கில் வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

"தொடாதீகப்பா! அது பழநிக்கு நேந்த முடி! நீங்க டைபாய்டுல கெடந்தப்ப, உங்களுக்குச் சொகமாகணும்னு அண்ணன் நேந்துக்கிருச்சு!"

கத்தரி கீழே விழுந்தது. அப்பா உன்னைப் பார்த்த பார்வை உனக்கு நினைவிருக்கிறதா? நான் அதுவரை அவர் அழுது பார்த்ததில்லை. "எனக்காகவாடா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். இல்லை என்று சொல்ல உனக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு கோம்பையில் அப்பா சொல்லாத ஆள் பாக்கியில்லை. வயலுக்கு வந்தவர், டீக்கடையில் நின்றவர், பஸ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எல்லாரிடமும் சொன்னார். உனக்குத் தலையில் எண்ணெய்கூட வைத்துவிட்டார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். பொய் இவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்று யார் கண்டது?

ஆனால் நேர்த்தி என்றால் செலுத்த வேண்டுமே. பங்குனி உத்திரத்துக்குப் பழநி என்று அப்பா நாள் குறித்தார். உன் ஆண்டுவிழா அதற்குப் பத்து நாள் கழித்து. நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று உன்னிடம் அழுதேன்.

"வேணாம் புள்ள. மனுசன் இப்பத்தான் எங்கிட்டச் சிரிக்கிறாரு. முடிதானே, போகட்டும்" என்றாய்.

போயிற்று. மேடைக்கு ஆபிரகாம் ஒரு நாடகக் கம்பெனியிலிருந்து டோப்பா வாங்கி வந்தாராம். நீ தொடக்கூட இல்லையாம். மொட்டைத் தலையோடு ஏறி நீ மைக்கைப் பிடித்ததும் காலேஜே ஊளையிட்டதாம். பாடி முடித்தபோது கைதட்டினார்கள் என்று ஆபிரகாம் சொன்னார். நீ அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அதற்குப் பிறகு நீ மேடை ஏறவும் இல்லை. முடிக்காகவா, வேறு எதற்காகவா? என்மேல் வருத்தம் இருந்ததா அண்ணா? இருபது வருஷம் பக்கத்தில் இருந்தும் நான் கேட்கவே இல்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். நீ மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்களில் அப்பா முடி வெட்டிக்கொள்ளவில்லை. கவலையில் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். காரியமெல்லாம் முடிந்த பிறகும் வெட்டவில்லை. எழுபத்தாறு வயதில் வெள்ளை முடி கழுத்தில் புரள்கிறது. சாப்பாடும் குறைந்துவிட்டது. போன வாரம் கோம்பைக்குப் போனபோது தலை சீவிவிட உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"அவென் எனக்காக நேந்தான், நான் பொழச்சேன். நான் அவனுக்காக நேந்தேன், சாமி காது குடுக்கல. எங்கிட்ட என்னத்தா கொறை? அவனுக்கு இருந்த சுத்தம் எனக்கு இல்லையோ?"

சீப்பு என் கையில் அப்படியே நின்றது. நான் சொன்ன பொய் இத்தனை வருஷம் கழித்து அந்த மனிதரைத் தின்றுகொண்டிருந்தது. சொன்னால் அவரிடம் மிச்சமிருக்கிற ஒரே சொத்து போய்விடும். சொல்லாவிட்டால் உன்னைச் சாகவிட்டது தன் குறைதான் என்று நினைத்துக்கொண்டே அவரும் போய்விடுவார். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்?

சொல்லிவிட்டேன். தேனி தியேட்டர், லண்டன்காரர்கள், பின்னால் உட்கார்ந்த அம்மா, ஆண்டுவிழா எல்லாவற்றையும் சொன்னேன். "அண்ணன் நேரவே இல்லப்பா. நீங்க டைபாய்டுல பொழச்சது மருந்துல. சாமி உங்களுக்கு ஒரு கணக்கு, அண்ணனுக்கு ஒரு கணக்குன்னு பாக்கல" என்றேன்.

அவர் என் கையிலிருந்த சீப்பை வாங்கித் தரையில் வைத்தார்.

"பாட்டுப் பாடத்தான் வளத்தானா?"

"ஆமாப்பா."

"பெறகு எதுக்குப் பழநியில வந்து உக்காந்தான்?"

"நீங்க நம்பிட்டீகள்ல. அதுக்காகத்தான்."

அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"நேந்தவன் குடுத்துத்தான ஆகணும், அதுல என்ன இருக்கு? இவென் நேராமலே குடுத்திருக்கான்" என்றார். பிறகு வாய்விட்டு அழுதார். நீ போன அன்றைக்குக்கூட அவர் அப்படி அழவில்லை. அழுது முடித்துவிட்டுச் சோறு போடச் சொன்னார்.

அண்ணா, உன்னைக் கேட்காமல் செய்தேன், மன்னித்துவிடு. வருகிற உத்திரத்துக்கு அப்பாவைப் பழநிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். நேர்ந்தது பலிக்கவில்லையே, செலுத்தத்தான் வேண்டுமா என்று கேட்டுப்பார்த்தேன். "எம்மகன் குடுத்த மாதிரி நானும் சும்மா குடுத்துட்டு வர்றேன்" என்றார். படியேறும்போது அவர் கையை நான் விடமாட்டேன்.

உனக்காகப் பொய்யும் சொல்லி, உன் உண்மையையும் சொல்லிவிட்ட
உன் கூடப்பிறந்தவள்,
பார்வதி