நான் இறந்ததற்கு நானே வைத்த கைநாட்டு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிவிடலாம், ஆனால் எழுதக் கற்றுக்கொண்ட இரண்டே மாதத்தில் பொய் எழுத வேண்டாமென்று பார்க்கிறேன். ஆமாம், இது என் கையெழுத்துதான். நூலகத்து மாலை வகுப்பில் வயதில் மூத்தவன் நான், படிப்பில் முதல்வனும் நானே, மற்றவர்கள் கொட்டாவி விடுகிறார்கள்.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கமாக உன் மகள்தான் படித்துச் சொல்வாள், விளையாட்டு விழா அழைப்பு தாத்தா என்பாள். அன்று அவள் அம்மாவுக்கு மருந்து வாங்கப் போயிருந்ததால் நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன், காலையில் தொடங்கி மதியம் முடித்தேன். நாற்பத்தொரு நாள் வரவில்லை, வெள்ளிக்குள் பெரியவர் யாரும் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்றிருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். என்னைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது, நீங்க தவறிட்டீங்கன்னு லீவு லெட்டர் வந்துச்சே ஐயா என்றார். அவள் கொடுத்திருந்த லீவு லெட்டர்களையெல்லாம் வாங்கிப் படித்தேன். எனக்கு இரண்டு முறை கால் முறிந்திருக்கிறது, ஒரு முறை பாம்பு கடித்திருக்கிறது, கடைசியில் செத்தும் போயிருக்கிறேன், கீழே என் கைநாட்டு பளிச்சென்று இருக்கிறது. மார்க் சீட்டு தாத்தா, விரலை வைங்க என்று அவள் நீட்டியதற்கெல்லாம் படித்துப் பாராமல் வைத்தவன் நான்தானே. விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அந்த நாற்பத்தொரு நாளும் அவள் எங்கே இருந்தாள் என்று நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. மருமகளுக்குப் பக்கவாதம் வந்த எட்டு மாதமாகக் குளிப்பாட்டுவது, துவைப்பது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது எல்லாம் அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை. ஊரார் தலைக்கெல்லாம் நாற்பது வருடம் முடி வெட்டிய நான், நாற்காலியில் உட்கார்ந்து பேத்தி கெட்டிக்காரி என்று பீற்றிக்கொண்டிருந்தேன்.

அங்கேயே ஒரு தாள் வாங்கி நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். பெயரை நீக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஏண்டி மறைத்தாய் என்று அவளிடம் கேட்டதற்கு, சொன்னா அம்மாவை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடுவாங்க, உங்களாலதான் என்ன செய்ய முடியும் என்று கேட்டாள், கேட்டாளே ஒரு கேள்வி. இப்போது டீச்சர் சொல்லிக் காலையில் அரசு நர்ஸ் வருகிறார், சமையல் என் பொறுப்பு. முதல் நாள் ஒரு வாய் வைத்ததும், எட்டு மாதமாக நாக்கு குழறிய மருமகள் மாமா, உப்பு என்று தெளிவாகச் சொன்னாள். நல்ல முன்னேற்றம் என்று நர்ஸ் குறித்துக்கொண்டார். பள்ளியில் பேத்தியைப் போலவே வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் ஆறு பேர் புதன்தோறும் கூடுகிறார்கள், இவளும் போய்வந்தாள். ஒருத்தன் தன் அப்பாவுக்குச் சவரம் செய்யப் போய்ப் பாதி மீசையைக் காணோமாம், சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அங்க யாரும் என்னைக் கெட்டிக்காரின்னு சொல்லலை தாத்தா, அதுவே நிம்மதியா இருந்துச்சு என்றாள்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். ஞாயிறுதோறும் போனில் அவளிடம் நீ முதலில் கேட்பது மாத்திரை கொடுத்தியா என்றுதான். இனி அதை என்னிடம் கேள். அவளிடம் அவளைப் பற்றிக் கேள். ஒண்ணுமில்லப்பா, நல்லா இருக்கேன் என்பாள், உன் மகளாயிற்றே, கூசாமல் புளுகுவாள். உடனே போனை வைத்துவிடாதே. அவள் பேசும்வரை சும்மா காத்திரு.

நூறு வயது நன்றாயிரு. மறக்காதே, ஞாயிறு.

உன் அப்பா