வெள்ளம் கேட்ட காவல்காரன்

ஜூன் 9, திங்கள்

இன்றைக்கும் பதினேழு புகார். எல்லாம் எங்கள் ஆன்லைன் விளையாட்டில் ஒரே க்வெஸ்ட், ஆட்டக்காரர் செய்து முடிக்க வேண்டிய ஒரே வேலை பற்றி. உப்புக்கோட்டை வாசலில் நிற்கிற காவல்காரன் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறானாம். தமிழ்ப் பதிப்பு வெளியாகி இரண்டு வாரம் ஆகிறது, ஒரு தமிழ் ஆட்டக்காரர்கூட அந்த வாசலைத் தாண்டவில்லை. மலையாளத்தில் ஆடுகிறவர்கள் திட்டிக்கொண்டாவது தாண்டிவிடுகிறார்கள். அது எப்படி?

‘ஏழாம் தீவு’ விளையாட்டில் க்வெஸ்டுகளை அமைக்கிற அனீஷ் மலையாளத்தில் எழுதுகிற ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் எழுதுவது நான். இந்த டைரியைத் தமிழில் எழுதுவதும் கை பழகத்தான், கொச்சிப் பள்ளியில் நான் தமிழ் படிக்கவில்லையே. ஜூலை ஒன்றாம் தேதி என் வேலை நிரந்தரமா இல்லையா என்று எங்கள் மேலாளர் ஷைலஜா சேச்சி சொல்வார். இன்னும் மூன்று வாரம். இந்த நேரம் பார்த்தா இந்தக் காவல்காரன் வம்பு பண்ண வேண்டும்!

அனீஷின் க்வெஸ்ட் எல்லாமே இப்படித்தான், சொன்னால் கோபம் வரும். பத்து நண்டுக்கால் கொண்டு வா என்பான் ஒருவன். பன்னிரண்டு நண்டைக் கொன்றால் ஒன்றிடம்தான் கால் இருக்கும். மற்ற பதினொன்றும் இவ்வளவு நாள் எப்படி நடந்தன? கண் தெரியாத வைத்தியரை அக்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்வான் இன்னொருவன். நாம் நடந்தால் வைத்தியர் பின்தங்குவார், நாம் நின்றால் அவரும் நிற்பார். வழி காட்ட ஓர் அம்புக்குறி வைக்கக் கூடாதா என்றால், “அம்பு வச்சா ஆள்க்காரு மூளைய வீட்டில வச்சிட்டு வரும்” என்பான்.

ஜூன் 10, செவ்வாய்

சிவகாசியிலிருந்து ரமேஷ்பாபு என்று ஒருவர் தினமும் எழுதுகிறார். இன்றைய கடிதத்தை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன், சிரிப்பதற்கு:

“மதகு மூன்றில் இரண்டை உடைத்துவிட்டோம். மழை வேண்டி நாற்பது பேர் நான்கு நாள் வட்டமாக நின்று கும்மியடித்தோம். காவல்காரர் அடிக்கடி நெற்றியில் கை வைப்பது மேகம் பார்க்கத்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? தயவுசெய்து பதில் சொல்லவும்.”

பைத்தியங்கள்! காவல்காரன் வேர்வையைத் துடைக்கிறான். அவனுக்குத் தாகம். சுற்றிலும் உப்புக் காயல், நல்ல கிணறு அடுத்த தீவில்தான் இருக்கிறது. அங்கே போய் ஒரு குடம் எடுத்து வந்து நீட்ட வேண்டியதுதானே? மதகை எதற்கு உடைக்கிறார்கள்?

வசனத்தைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். “வெள்ளம் கொண்டு வா. வெள்ளம் வந்தால்தான் கதவு திறக்கும்.” இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படி எழுதுவது?

ஜூன் 11, புதன்

கூட்டத்தில் அனீஷுக்கு நல்ல டோஸ். ஒரு கதவைத் திறக்கத் தெரியாதவனுக்கு ஒரு தீவையே எப்படிக் கொடுப்பது என்று எல்லார் முன்னாலும் கேட்டார் ஷைலஜா சேச்சி. எட்டாம் தீவு முழுக்க அனீஷின் கனவு, பதினொரு மாதமாக வரைந்து வைத்திருக்கிறான். இந்த வாரத்துக்குள் காவல்காரனைச் சரிசெய்யாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போகும்.

அவனுடைய சாயா ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது.

ஜூன் 12, வியாழன்

எழுதியே தீர வேண்டும்.

அனீஷைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் ரமேஷ்பாபுவுக்கு நானே போன் போட்டேன். அச்சகத்தில் வேலையாம், சாப்பாட்டு நேரம், வாயில் சோற்றோடு பேசினார்.

“சார், அந்த ஆளுக்கு வெள்ளம் கொடுத்தா போதும் சார், கதவு தொறந்துடும்.”

“அதத்தான மேடம் ரெண்டு வாரமா பண்றோம்! நேத்து மூணாவது மதகையும் ஒடச்சாச்சு. கீழ்த்தெரு முழுக்க முங்கிப்போச்சு, கோழியெல்லாம் மெதக்குது. இன்னும் எவ்வளவு வெள்ளந்தான் வேணுமாம் அந்தாளுக்கு?”

“கீழ்த்தெரு எதுக்கு சார் முங்கணும்? ஒரு குடம் போதுமே.”

அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

“கொடத்துல எப்படி மேடம் வெள்ளத்தக் கொண்டாறது?” பிறகு ரொம்ப மரியாதையாக, “நீங்க எந்த ஊரு மேடம்?”

மதுரைப் பக்கம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அகராதியைத் திறந்தேன். வெள்ளம்: நீர்ப்பெருக்கு.

அட கடவுளே. இங்கே ஊர் மூழ்கிய வருஷம் நாங்கள் அதைப் பிரளயம் என்றோம். வெள்ளம் என்றால் எங்கள் வீட்டில் குடிப்பது, குளிப்பது, குழம்பில் ஊற்றுவது. மலையாளத்தில் அனீஷ் எழுதியதும் அதே வெள்ளம். நான் அதைத் தமிழாக்கவே இல்லை, அப்படியே தூக்கி வைத்திருக்கிறேன்! இது தமிழ் இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லையே. நாற்பது பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஒரு ஊரையே முங்கடிச்சிருக்காங்க, நான் அவங்களப் பைத்தியம்னு எழுதி வச்சிருக்கேன். அடியே செல்வலட்சுமி, யாருடி பைத்தியம்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, உங்க ஊரு உசிலம்பட்டியில குடிக்கிற வெள்ளத்துக்கு என்ன சொல்லுவீங்க?”

“தண்ணி.”

“அப்போ நம்ம வீட்டுல ஏன் சொல்றதில்ல?”

கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இங்க வந்த புதுசுல வேலைக்குப் போன வீட்டுல தண்ணின்னு கேட்டுட்டேன். அந்தச் சேச்சி அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சா, பாண்டிக்காரி பாண்டிக்காரின்னு. அன்னைக்கே மாத்திட்டேன். நீ ஸ்கூல்ல அந்தப் பேரு வாங்கக் கூடாதுல்ல?”

வாங்கினேன் அம்மா. ஏழு வருஷம் வாங்கினேன். அதை அவளிடம் இன்றும் சொல்லவில்லை. தமிழ் நன்றாக வருமா என்று ஷைலஜா சேச்சி கேட்டபோது என் தாய்மொழி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். இங்கே பாண்டி, உசிலம்பட்டிக்குப் போனால் மலையாளத்துக்காரி. ஆபீசில் அந்த ஒரு நாற்காலியில்தான் நான் தமிழ்க்காரி. அதுவும் போச்சா?

ஜூன் 13, வெள்ளி

மாற்றிவிட்டேன். “தாகமாக இருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் கொண்டு வா.” யாரிடமும் சொல்லவில்லை. தமிழ்க் கோப்பை ஆபீசில் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? திறந்தாலும் யாருக்குப் படிக்கத் தெரியும்?

மூன்று மணிக்கு அனீஷ் தமிழ்ப் பதிப்பின் ப்ரோக்ராம் கோடில் செய்த திருத்தமும் என் திருத்தமும் சேர்ந்தே விளையாட்டில் ஏறின.

ஜூன் 14, சனி

காலையிலிருந்து ஒரு புகார் இல்லை. ரமேஷ்பாபு கட்டைவிரல் படமாக ஒன்பது அனுப்பியிருக்கிறார். தமிழ் ஆட்டக்காரர்கள் ஆடு மாதிரி வரிசையாகக் கோட்டைக்குள் போகிறார்கள்.

அப்பாடா என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் ஷைலஜா சேச்சி வந்து அனீஷின் மேசையைத் தட்டினார். “கண்டோ? நின்றெ கோடு தன்னெயாயிருன்னு பிரஷ்னம்.”

உன் கோடில்தான் கோளாறு என்று முடிவே கட்டிவிட்டார். என் திருட்டுத் திருத்தம் அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இது எனக்கு முன்னாடியே தோணலையா? தோணல. சத்தியமா தோணல. தோணியிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பேன்?

ஜூன் 15, ஞாயிறு

படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. படகு ஜெட்டி வரை மூன்று தடவை போய் வந்தேன். “எறும்பு கடிச்ச மாதிரி ஏண்டி அலையுற?” என்கிறாள் அம்மா.

ஜூன் 16, திங்கள்

எட்டாம் தீவை அனீஷிடமிருந்து எடுத்துவிட்டார்கள். கொச்சி முழுக்கத் தேடினாலும் என்னைப் போல ஒரு கோழை கிடைக்க மாட்டாள்.

மத்தியானம் அவனே என் மேசைக்கு வந்தான். தன் திருத்தத்தைக் காட்டினான். “செல்வீ, நீ ஒண்ணு நோக்கு. ஞான் ஒரு வரிதான் சேர்த்தது. அது சும்மா ஒரு வரி. அதுகொண்டு கதவு தொறக்காது. பின்னே எப்படித் தொறந்து?” கண் சிவந்து கிடந்தது. நாலு நாளாகத் தாடி எடுக்கவில்லை.

“எனக்குக் கோடெல்லாம் தெரியாதே” என்றேன்.

தெரியாதே! எவ்வளவு அழகாகச் சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் போகும்போது சொல்லிப் பார்க்கிறேன், மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. ஆபீஸ் இருக்கிற களமசேரி வந்ததும் இரண்டும் மறந்துவிடுகிறது.

நானாக வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. இன்னும் பதினான்கு நாள்தான், வேலை நிரந்தரம். பிறகு சொல்லிக்கொள்ளலாமா? பிறகா? யாரை ஏமாற்றுகிறாய்?

ஜூன் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் மாடிப்படியில் நிறுத்தி, நீ எதையும் சரிசெய்யவில்லை, சரிசெய்தது நான் என்றேன். தமிழில் வெள்ளம் என்றால் உங்கள் பிரளயம் என்றேன். முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரித்தான் பார், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். “அப்போ அவரு மதகு பொட்டிச்சது… கும்மியடிச்சது…” நானும் சிரித்தேன். அவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று தோன்றிவிட்டது.

பிறகு கேட்டான்: “நீ எப்போ அறிஞ்ஞு?”

“வியாழக்கிழமை.”

“இன்னைக்கு புதன்.”

சிரிப்பு நின்றது. விரல் விட்டு எண்ணினான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“வார்த்தை தப்பிப்போகும், அது யாருக்கும் வரும். ஆறு நாள், செல்வீ. எனக்கு வட்டு, பைத்தியம் பிடிச்சுன்னு நான் நினைச்சு. வீட்டில அம்மைகிட்டே சொல்லி, இந்த வேலை எனக்கு இனி ஆகாதுன்னு. நான் உன்கிட்டே வந்து கேட்டேனே. உன்கிட்டேதானே கேட்டேன்.”

மேலே ஏறிப் போய்விட்டான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வைத்திருந்தேன், அதைச் சொல்லக்கூட இடம் கிடைக்கவில்லை. அவன் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நன்றாகத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அதற்காகத்தான் திட்டவில்லையோ என்னவோ.

ஜூன் 19, வியாழன்

ஷைலஜா சேச்சியிடமும் நானே போய்ச் சொன்னேன். அனீஷ் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“அப்போ நினக்கு தமிழ் அறியில்லே?” என்றார்.

“அறியும் சேச்சி. எங்க வீட்டுத் தமிழ் அறியும்.”

அவர் கோபப்படவில்லை, ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். தமிழ் ஆட்டக்காரர்களுக்கு ஒரு விளக்கம் எழுதச் சொன்னார். தவறு க்வெஸ்டில் இல்லை, தமிழ் வரியில், அதை எழுதியது நான் என்று பெயரோடு எழுதிப் போட்டேன். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் பார்த்தேன். ‘தவறு’ என்ற சொல்லைக்கூட.

ஜூன் 20, வெள்ளி

விளக்கத்தின் கீழே எழுபது பேர் திட்டியிருக்கிறார்கள். தமிழ் தெரியாதவளைத் தமிழ் எழுத வைத்தது யார் என்கிறார் ஒருவர். இரண்டு வாரத்தைத் திருப்பிக் கொடு என்கிறார் இன்னொருவர், நியாயம்தான். ரமேஷ்பாபு மட்டும் தனியாக எழுதினார்: “மேடம், நீங்க மதுரைப் பக்கம் இல்லைன்னு அன்னைக்கே தெரியும். பரவால்ல. ஆனா யாரோ போட்ட அந்தக் கும்மி வீடியோவ அழிச்சுடச் சொல்லுங்க, என் வீட்டுக்காரம்மா பாத்தா மானம் போயிரும்.”

அழுதுகொண்டே சிரித்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

நிரந்தரம் இல்லை. தமிழ் எழுதக் கோயம்புத்தூரிலிருந்து ஸாதனா என்ற பெண் வந்துவிட்டாள், என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். எனக்கு ஆறு மாதம் சோதனைப் பிரிவு: வெளியாகும் முன் ஒவ்வொரு க்வெஸ்டையும் ஆடிப் பார்த்து எங்கே சிக்குகிறது என்று எழுத வேண்டும்.

எட்டாம் தீவு அனீஷுக்கே திரும்பிவிட்டது. அவன் என்னிடம் பேசுவதில்லை.

அம்மா கேட்டாள். சொன்னேன். “என்னாலயா?” என்றாள். இல்லை என்று கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கப்பைக் கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள், நான் தின்றேன்.

ஜூலை 9, புதன்

நண்டுக்கால் க்வெஸ்ட் பற்றி அனீஷுக்கு நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

ஜூலை 22, செவ்வாய்

எட்டாம் தீவின் முதல் க்வெஸ்ட் இன்று சோதனைக்கு என்னிடம் வந்தது. ஒரு படகோட்டி, தொலைந்துபோன துடுப்பைத் தேடித் தரச் சொல்கிறான். எட்டரைக்கு ஆரம்பித்தேன். அம்புக்குறி கிடையாது, தெரிந்ததுதான். தீவையே மூன்று தடவை சுற்றினேன். துடுப்பு சுருட்டி வைத்த ஒரு பாய்க்குள் இருக்கிறது. ஆனால் படகோட்டியிடம் முதலில் பேசிவிட்டால் அந்தப் பாய் விரியவே விரியாது. படகோட்டியிடம் பேசாமல் துடுப்பைத் தேட வேண்டும் என்று யாருக்கு ஐயா தெரியும்?

கோளாறு எனக்கு விளங்கியபோது பதினொன்று நாற்பது. கை ஒரு கணம் நின்றது. அனீஷ் ஏற்கெனவே பேசாதவன். இவள் யார் என் க்வெஸ்டைக் குறை சொல்ல என்று நினைப்பான். நாளைக்கு எழுதலாம், கொஞ்சம் பதமாக எழுதலாம், ஸாதனாவை விட்டுச் சொல்லலாம்.

பதினொன்று நாற்பத்தொன்றுக்கு அனுப்பினேன். “இது மோசமான க்வெஸ்ட். ஒழுங்காக ஆடுகிறவனைத்தான் இது தண்டிக்கிறது. மூன்று மணி நேரம் போச்சு.”

அந்தப் பக்கம் அவன் படிப்பது தெரிந்தது. எழுந்தான். என் மேசையைப் பார்த்து நேராக வந்தான். சண்டைக்குத்தான் வருகிறான், வரட்டும், எல்லார் முன்னாலும் கத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். “எங்கே குடுங்கிச்சு, செல்வீ? எங்கே சிக்கிச்சு, காட்டு.”

முதலிலிருந்து ஆடிக் காட்டினேன்.