உங்கள் அம்மாவுக்கு நான் எழுதாமல் இருந்த கடிதம்

மாடுகளோடு மட்டும் தமிழ் பேசிய என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்க முடியாது. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. இருமல் விட்டதா?

நான் தமிழில் எழுதுகிறேன், நம்புங்கள். நம் தவுவா ஊரில் தமிழர் சங்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிறு மத்தியானம் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள். நீங்கள் இறந்த மூன்றாம் மாதம் சேர்ந்தேன். இந்தக் கடிதத்தைச் சங்கத்து ஆண்டு மலரில் போடப்போகிறார் வாத்தியார். பிழைகளைத் திருத்தியதும் அவர்தான்.

வகுப்பில் இருபது பேர். எல்லாரும் இந்தத் தீவுக்குக் கரும்புக் கூலியாக மதராஸ் கப்பலில் வந்த தமிழர்கள், இல்லையென்றால் அவர்கள் பெற்ற பிள்ளைகள். எழுத்துதான் தெரியாதே தவிர, பேச்சு தண்ணீராக ஓடும். கல்கத்தாக் கப்பலில் வந்த, இந்துஸ்தானி பேசுகிறவர்களின் மகள் நான் ஒருத்திதான். முதல் நாள் அவர்கள் பேசிச் சிரித்தபோது, யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று குனிந்தே இருந்தேன்.

குற்றம் உங்களுடையது. பத்தொன்பது வருஷம் என்னோடு இந்துஸ்தானியிலேயே குடித்தனம் நடத்தினீர்கள். தமிழெல்லாம் எருதுகளுக்கு. "வாடா என் ராசா, இன்னும் ஒரு சால்தான்" என்று ஏர் ஓட்டும்போது நீங்கள் கொஞ்சுவதைக் கரும்புக்காட்டு ஓரத்தில் நின்று கேட்டுத்தான் நான் தமிழ் கற்றேன். ஒரு நாளாவது என்னை ராசாத்தி என்றதுண்டா? அந்த எருதுகள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இப்போது சொன்னால் என்ன?

ஆகவே, வாத்தியார் பலகையை அவசரமாக அழித்தபோது எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன்: "நில்லுடா ராசா, கொஞ்சம் நில்லு."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்த முனியம்மா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏ புள்ள, வாத்தியாரை ஏர்ல பூட்டிட்டியே!" என்றாள். அடுத்த இரண்டு ஞாயிறும் நான் போகவில்லை. மூன்றாவது ஞாயிறு அந்த அக்காவே வீட்டுக்கு வந்து கையைப் பிடித்து இழுத்துப்போனாள். "நாங்க பாதி எழுத்தப் பாத்துட்டு மீதிய குத்துமதிப்பா சொல்லிடறோம். நீதாண்டி ஒவ்வொரு எழுத்தா படிக்கிற" என்றாள். அது உண்மைதான்.

நான் போனது உங்கள் அம்மாவுக்காக. நீங்கள் இறந்துபோனதை ஊருக்கு எழுத வேண்டும். சங்கத்துக் காரியதரிசி தானே எழுதித் தருவதாகச் சொன்னார். மருமகள் நான் இருக்கும்போது இந்தச் சேதி அடுத்தவர் கையால் போவதா என்று மறுத்துவிட்டேன்.

அதற்குள் அம்மாவிடமிருந்து உங்கள் பெயருக்கு இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. ஆறு மாதம் படித்த பிறகு அவற்றை எழுத்துக்கூட்டிப் படித்தேன். "ஏன் பதிலே இல்லை, கரும்பு வெட்டில் வேலை அதிகமா? தூதுவளை சாப்பிடுகிறாயா? உன் பெண்சாதி கையால் ஒரு வரி எழுதச் சொல்." நான் எழுதப்போகும் முதல் வரி என்னவென்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பார்களா?

அன்றே எழுதியிருக்கலாம். எழுத வந்தது. வாத்தியார்கூட, "இனிமே நீங்களே கடுதாசி எழுதலாம்மா" என்றார். "பயமா இருக்குங்க. இவங்கல்லாம் தமிழ்லயே பொறந்தவங்க. நான் தப்பா எழுதிட்டா?" என்று சொல்லித் தலைகுனிந்துகொண்டேன். கல்கத்தாக்காரிக்கு இன்னும் கூச்சம் போகவில்லை என்று எல்லாரும் நம்பினார்கள்.

கூச்சம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? இந்தத் தீவில் எல்லாருக்கும் நீங்கள் செத்துப்போனவர். ஊரில் அம்மாவின் அந்த ஒரு வீட்டில்தான் இன்னும் உயிரோடு இருந்தீர்கள். நான் எழுதினால் அங்கேயும் போய்விடுவீர்கள். அதனால் நாலு மாதம் எழுதத் தெரியாதவளாகவே இருந்தேன். பெற்றவளை ஏமாற்றியது தப்புத்தான். மலரில் இதைப் படித்துவிட்டு முனியம்மா அக்கா திட்டுவாள். திட்டட்டும்.

அம்மாவுக்கான கடிதத்தை நேற்று எழுதி முடித்தேன். யாரிடமும் காட்டவில்லை, பிழையோடுதான் போகிறது. நாளைக்குத் தபாலாபீசில் போட்டுவிடுவேன். இனி அம்மா இருக்கும்வரைக்கும் மாதம் ஒரு கடிதம் என் கையால் போகும். இது சத்தியம்.

கப்பல் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகுமாம். அதுவரைக்கும் அங்கே இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்