சனிக்கிழமைச் சட்டை

அன்பானவளே,

அங்கே கோடை, இங்கே நியூசிலாந்தின் டனிடன் நகரில் குளிர் எலும்பைக் குடைகிறது. நியூசிலாந்தோடு சனிக்கிழமை மோதும் நம் வேல்ஸ் ரக்பி அணியில் என் பெயர் வந்தது. சாப்பாடு பரவாயில்லை. உட்கார முடியாமல் அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன்.

நேற்றுப் பயிற்சியில் தலையில் ஓர் இடி. பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் மாற்று ஆட்டக்காரன் எம்ரிஸ் பந்தை வீசினான். நான் காற்றைப் பிடித்தேன்.

"டேய், எத்தனை பந்துடா தெரியுது?"

"ரெண்டு."

"போய் டாக்டர்கிட்ட சொல்லு."

"என் இடம் வேணும்னா நேரா கேளுடா!"

அவன் முகம் சுருங்கியது. "வேணும்தான். இப்படி வேணாம்டா."

வெகுநேரம் அணியின் சிவப்புச் சட்டையை மடியில் வைத்திருந்தேன். பிறகு நானே போய் டாக்டரின் கதவைத் தட்டினேன்.

சனிக்கிழமை எனக்குப் பதில் எம்ரிஸ்தான் ஆடுகிறான். நான் ஆடவில்லை என்று உன் அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிடாதே. எம்ரிஸுக்காக நன்றாகக் கத்து.

சீக்கிரமே வீடு திரும்பும்,
உன்னவன்